மோகனூருக்குப் பறந்த வட்டல்கள்

தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில், சித்திரை வெயிலில், மூட்டைப் பாரத்தோடு லாரி இன்ஜின் சூடேறிப் பொங்கி நின்றபோது, பின்னாலேயே புது லாரியில் வந்த மச்சினன் குப்பணன் நிறுத்தாமல், இறங்காமல், ஒரு குடம் தண்ணீர்கூடக் கொடுக்காமல், ஆரனை அடித்துவிட்டுப் போனான். இருபது வருடத்துக்கு மேலாக ஒரு நாளும் அதை மறக்காமல் வைத்திருந்தவர் நாமக்கல் பொங்கியண்ணன். அதனால் மருமகள் வாங்கி வைத்த பாத்திரம் கழுவும் மிசின் சூடேறுகிறது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, அவர் காதில் முதலில் விழுந்தது அந்த ஆரன் சத்தம்தான்.

குப்பணன் பிற்பாடு ஆள் விட்டுச் சொன்னான், பாரம் ஏற்றிய வண்டியைக் கணவாய் ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி ஏறாது என்று. அது உண்மை என்பது பொங்கியண்ணனுக்கும் தெரியும். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவருக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்ததால்தான் கோபம் இன்னும் கெட்டியானது. பொய்க் காரணம் சொல்கிறவனை ஒருநாள் மன்னித்துவிடலாம். சரியான காரணத்தை வைத்துக்கொண்டு தப்புச் செய்கிறவனை எதைச் சொல்லி மன்னிப்பது? உலகத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறவர்களுக்கு நல்லவர் என்று பேர் வந்துவிடுகிறது. ஞாபகம் வைத்திருக்கிறவன் படும் பாட்டை யாரும் பார்ப்பதில்லை.

மிசினை வாங்கியவள் மருமகள் பூங்கோதை. பேங்கில் வேலை. புருசன் ஓசூரில் இருந்து சனிக்கிழமைதான் வருவான். மாமியார் பாவாயிக்கு மணிக்கட்டு வலி, சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்க்க முடிவதில்லை என்றுதான் வாங்கினாள். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் கழுவி முடித்த பாத்திரத்தைக் கையால் தொட முடியாமல் போயிற்று. டிபன் டப்பா மூடி அப்பளம் மாதிரி நெளிந்தது. மிசினின் நெற்றியில் சிவப்பு விளக்கு மினுக்கியது. பூங்கோதை கூட வந்த புத்தகத்தைப் பார்த்து அடியிலிருந்த சல்லடையைக் கழற்றினாள். அதில் புளியங்கொட்டையும் கறிவேப்பிலைக் காம்பும் இருந்தன. தண்ணீர் பீச்சும் கையின் ஓட்டைகளில் கடுகு அடைத்திருந்தது, அதை ஊசியால் குத்தி எடுத்தாள். ஊர் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர், சூடேற்றும் கம்பியில் சுண்ணாம்பு படியும் என்று புத்தகம் சொன்னதால் எலுமிச்சை உப்புப் போட்டு வெறுமனே ஓட்டிப் பார்த்தாள். சூடு குறையவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"கம்பெனிக்காரன் எதுக்கு?" என்றார் பொங்கியண்ணன். "இன்ஜின் சூட்டோட குடும்பம் நடத்துனவன் நான்."

"இது இன்ஜின் இல்லைங்க மாமா."

"தண்ணி ஓடுதா? சூடாகுதா? அப்ப இன்ஜின்தான்."

பூங்கோதை பேங்குக்குப் போன பிறகு மிசினைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பிப் போட்டார். நாமக்கல்லில் பழைய லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. இன்ஜின் அடிக்கடி சூடேறினால், தண்ணீர்ப் பாதையில் உட்கார்ந்து சூடு பார்த்துத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூர எறிந்துவிட வேண்டும். காவல்காரன் இல்லாத கதவில் தண்ணீர் தாராளமாக ஓடும், இன்ஜின் குளிரும். அந்த நியாயத்தின்படி அவர் மிசினின் வயிற்றில் தேடி, சூடு பார்க்கிற மொச்சைக்கொட்டை அளவு சாமானைக் கண்டுபிடித்து, பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். மிச்சமிருந்த ஒயர் இரண்டையும் முறுக்கிச் சேர்த்துக் கருப்பு டேப் சுற்றினார். லாரியில் வால்வு போனால் குளிரும். மிசினில் அது போனால், போதும் என்று சொல்ல ஆளில்லாமல் கம்பி காய்ந்துகொண்டே இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. மனுசனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

மறுநாள் காலை மிசின் கும்மென்று முனகி, பொங்கல் பானை மாதிரி கொதித்து ஓய்ந்தது. பாவாயி கதவைத் திறந்தாள். ஆவி கலைந்ததும் ஒரு தூக்குப்போசி தட்டிலிருந்து மெல்ல எழும்பி, வெளியே வந்து, அடுப்புக்கு மேலே கொஞ்சம் நின்று திசை பார்த்து, சன்னல் கம்பிக்கிடையில் ஒருக்களித்து நுழைந்து, சந்துக்குக் குறுக்கே, காய்ந்துகொண்டிருந்த வேட்டிகளுக்கு மேலே போய், எதிர்வீட்டு நல்லம்மாளின் சமையல்கட்டில் இறங்கி உட்கார்ந்தது.

பாவாயி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "அது நல்லம்மா போசிதானுங்க. தீபாவளிக்குப் பலகாரம் போட்டுக் குடுத்தது. குடுக்கணும் குடுக்கணும்னு நெனச்சுட்டே இருந்தேன். அதுக்கே பொறுமை போயிருச்சாட்ட இருக்குது."

"காத்தா இருக்கும்," என்றார் பொங்கியண்ணன்.

அடுத்தாற்போல் எழும்பியவை நாலு டம்ளர்கள். மகன் படித்த காலத்தில் ஆஸ்டலிலிருந்து எப்படியோ வீட்டுக்கு வந்தவை. ஆஸ்டல் பேர் வெட்டிய அந்த நாலும் ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மாதிரி, சேலம் ரோட்டுப் பக்கம் போயின. பேர் வெட்டாத கரண்டிகள் மட்டும் எங்கே போவது என்று தெரியாமல் கூரையில் முட்டி நின்று, சூடு ஆறி, ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. பூங்கோதை கணக்குத் தெரிந்த பெண். இரண்டு ஈடு போட்டுப் பார்த்து விசயத்தைப் பிடித்துவிட்டாள். பாத்திரத்தில் யார் பேர் வெட்டியிருக்கிறதோ, அந்த ஆள் வீட்டுக்குப் பாத்திரம் போகிறது. வீடு சேரும் வரை சூடு ஆறுவதில்லை. பேர் இல்லாதவை விழுந்து நசுங்காமலிருக்கக் கூரைக்கடியில் நாலு மூலையிலும் இழுத்துப் பழைய போர்வை ஒன்றைக் கட்டிவிட்டு, அவள் பேங்குக்குக் கிளம்பினாள்.

அன்று சாயங்காலமே சந்தில் கூட்டம். இரவல் கொடுத்ததை இழந்தவர்கள், இரவல் வாங்கியதை மறந்தவர்கள், மறந்ததாகச் சொன்னவர்கள் எல்லாரும் கூடையில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பாவாயி கேட்டவர்களுக்கெல்லாம் ஓட்டிக் கொடுத்தாள். விசேசத்துக்குப் போய்த் திரும்பாத குத்துப்போணிகள் திரும்பின. சண்டையில் பிரிந்த ஓரகத்திகளின் இட்லிச் சட்டியும் மூடியும் ஆகாயத்தில் ஒன்றையொன்று தாண்டிப் போயின. நேர்ந்துகொண்டு யாரோ ஆஞ்சநேயர் பேர் வெட்டிக் கொடுத்து, அப்புறம் எப்படியோ ஒரு வீட்டு அலமாரிக்குப் போய்ச் சேர்ந்திருந்த வெண்கலத் தட்டு, கூரையில்லாத கோயில் என்பதால் நேராகச் சாமிக்கு முன்னால் இறங்கியது. அர்ச்சகர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுத் தீபாராதனையைத் தொடர்ந்தார்.

ஊர் இரண்டு நாளில் பழகிக்கொண்டது. முட்டை லாரிக்காரர்கள் லோடுக்கு மேலே தார்ப்பாயை இரட்டையாகப் போட்டார்கள். லைன்மேன் வந்து, கம்பிக்கு மேலே பறந்தால் பரவாயில்லை, நடுவில் நுழைந்தால் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுத் தன் டிபன் கேரியரையும் மிசினில் போட்டு ஓட்டிவிட்டுப் போனார். பஸ் ஸ்டாண்டு முக்கில் நின்ற போலீஸ்காரர் சோற்று வட்டல்கள் கூட்டமாக வந்தால் கையைக் காட்டிப் பஸ்ஸை நிறுத்தி, அவை போன பிறகு விட்டார். பாத்திரக்கடை வாசலில் பேர் வெட்டுகிறவனுக்குச் சாப்பிட நேரமில்லை. மாமியார் குண்டாவில் தன் பேரையும் வெட்டிய ஒரு மாப்பிள்ளையின் காரியம்தான் வேடிக்கை. குண்டா இரண்டு வீட்டுக்கும் நடுவில் முடிவெடுக்க முடியாமல் போவதும் வருவதுமாக மூன்று நாள் தெருவை அளந்தது. சீட்டாட்டத்தை விட்டு எழுந்து வராத புருசனுக்கு ஒருத்தி தன் பேர் வெட்டிய அடுக்குச் சட்டியைச் சுடச்சுடத் துணியில் சுற்றிக்கொண்டு போய் அரைஞாணில் மாட்டிவிட்டாள். அன்றைக்கு அந்த மனுசன் கால் பாதி தரையில் படாமல், கையில் சீட்டோடு, நேராக வீடு வந்தார்.

போன தேர்தலில் தோற்றுப்போன ஒருவர் வீட்டுக்கு ஒரு வட்டல் என்று தன் பேர் வெட்டிக் கொடுத்திருந்தார். விளையாட்டுக்கு யாரோ ஒன்றைப் போட, அது போன அழகைப் பார்த்து வார்டு மொத்தமும் கொண்டுவந்துவிட்டது. கொக்குக் கூட்டம் மாதிரி அத்தனை வட்டலும் வெயிலில் மின்னிக்கொண்டு போய் அவர் வாசலில் அடுக்கடுக்காய் இறங்கின. அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "நான் குடுக்கவே இல்லைங்க, நான் குடுக்கவே இல்லைங்க" என்று வட்டல்களிடமே சொன்னதாக நல்லம்மாள் வந்து சொல்லி, சிரித்து, சிரிப்பு நிற்காமல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனை அமளியிலும் சந்தோசத்தின் உச்சத்தில் இருந்தவர் பொங்கியண்ணன்தான். அவர் பேர் வெட்டிய பாத்திரங்களும் சில ஊரில் இருந்தன. லாரி ஓட்டிய காலத்தில் டீக்கடையில் விட்டது, பங்காளி கேட்டு வாங்கியது, தையல்காரன் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தது. அவை யார் யார் கூடையிலோ கலந்து மிசினுக்குள் போய், கொதித்து எழும்பி, ஒவ்வொன்றாக முற்றத்தில் வந்து இறங்கின. அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, யார் கூடையில் வந்தது என்று நெற்றிக்குக் கை வைத்துப் பார்த்து, "தெரியும், எனக்கு அப்பவே தெரியும்" என்று ஒவ்வொன்றையும் மடியில் வாங்கினார். ஒரு மனுசன் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்த சந்தேகமெல்லாம் சொம்பாகவும் சட்டியாகவும் வானத்திலிருந்து நிரூபணமாவதைப் போல ஒரு சுகம் வேறு எதிலும் கிடையாது.

நல்லம்மாள்தான் கேட்டாள். "ஊருப் பாத்திரமெல்லாம் போவுது. உங்க வீட்டுப் பாத்திரம் ஒண்ணுகூடப் போவலையே, ஏனுங்க?"

பொங்கியண்ணன் முகம் மாறியது. காரணம் எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டுச் சமையல்கட்டில் வட்டல், குண்டா, போசி, குடம் என்று புழங்குகிற அத்தனையும் பாவாயி கல்யாணத்துக்கு வந்த சீர். அப்பன் இல்லாத வீட்டில் தம்பிதான் முன்னால் நின்று செய்தான். அத்தனையிலும் 'மோகனூர் குப்பணன்' என்று வெட்டியிருந்தது. கணவாயில் ஆரன் அடித்த நாளிலிருந்து பொங்கியண்ணன் சாப்பிட உட்கார்ந்தால், அந்தப் பேர் மேலேயே சோற்றைப் போடச் சொல்வார், அதன் தலையிலேயே ரசத்தைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றச் சொல்வார்.

"அவன் ஊட்டுக்கு இங்கிருந்து ஒரு கரண்டி போகக்கூடாது," என்றார். "போனா அவன் என்ன நெனைப்பான்? நான் சமாதானத்துக்கு அனுப்புனேன்னு நெனைப்பான்."

ஆகவே ஊர்ப் பாத்திரமெல்லாம் மிசினுக்குள் குளித்துக்கொண்டிருக்க, பாவாயி தன் வீட்டுப் பாத்திரங்களைப் புழக்கடையில் உட்கார்ந்து, வலிக்கிற மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு, சாம்பல் போட்டுக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.  

இந்தச் சமயத்தில்தான் மோகனூரிலிருந்து வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வந்தது. குப்பணன் மகளுக்குக் கல்யாணம். கொண்டுவந்த சொந்தக்காரரிடம் பொங்கியண்ணன் தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டு, பத்திரிகையைச் சன்னல் திட்டில் கவிழ்த்து வைத்தார்.

பாவாயி அதை நிமிர்த்தி வைத்தாள். "ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு அத்தைன்னு நான் ஒருத்திதான். பொறந்தப்பவும் போகலை, சடங்குக்கும் போகலை. இதுக்காச்சும் போயிட்டு வாரேனுங்க."

"போகவேண்டாம்."

"உங்களை வரச் சொல்லலை. நான் மட்டும்."

"போறதுன்னா போ. போனா அங்கயே இருந்துக்க. இந்தப் படி ஏறாதே."

அவள் அழுவாள், அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னார். இரண்டுக்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. பாவாயியோ, "சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அந்தச் சரியில் சண்டை இல்லை, சடவு இல்லை. வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது. பொங்கியண்ணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் சொன்ன சொல்லை எடுத்து விழுங்கிப் பழக்கமில்லாத வாய். அதனால் அவர் செய்ததெல்லாம் கம்பெனிக்குத் தானே போன் செய்து, மிசின் மிகவும் ஆபத்தாக இருக்கிறது, உடனே ஆள் வேண்டும் என்று அதட்டியதுதான். மிசின் அடங்கினால் ஊர் அடங்கும், ஊர் அடங்கினால் வீட்டுக்காரியும் அடங்குவாள் என்பது அவர் போட்ட கணக்கு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை கம்பெனி ஆள் வந்தான். ஜெபசிங் என்று பேர், தூத்துக்குடிப் பக்கத்து ஆள். புதுச் சாமானைப் பையிலேயே கொண்டுவந்திருந்தான். பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினான்.

"ஐயா, சூடு பாக்குற சென்சாரையே காணலியே. யாரு கழத்துனது?"

பொங்கியண்ணன் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். "எலி."

"எலி இன்சுலேசன் டேப்பு சுத்தி வச்சிருக்கு."

"இந்த ஊர் எலி அப்படித்தான்."

மிசினை ரிப்பேர் செய்ய ஆள் வந்துவிட்டான் என்ற சேதி போய், கடைசியாக ஒரு ஈடு போட்டுவிடக் கூடையோடு பெண்கள் சந்தில் திரண்டுவிட்டார்கள். பொங்கியண்ணன் அவர்களை மறிக்க வெளிக்கேட்டில் போய் நின்றுகொண்டார். அந்த நேரத்தில் பாவாயி பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்துச் சமையல்கட்டுக்கு வந்தாள்.

"கண்ணு, காப்பி குடி. ரிப்பேர் பண்றதுக்கு முன்னால ஒரு நாலு ஈடு போட்டுக்கறேன்."

"போடுங்கம்மா, எனக்கென்ன," என்று ஜெபசிங் காப்பியை வாங்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

பூங்கோதை அன்று லீவு. நல்லம்மாள் பின்வாசல் வழியாக வந்தாள். வட்டல் ஒரு ஈடு, போசி ஒரு ஈடு, குண்டாவும் குடமும் மற்ற இரண்டு. ஒவ்வொரு ஈடும் கொதித்து வரவர மூன்று பேரும் துணியால் பிடித்து, புழக்கடையில் விரித்த லாரி வலைக்குள் போட்டு அமுக்கினார்கள். பாரத்தின் மேலே போட்டு இழுத்துக் கட்டுகிற அந்த வலை கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை விட்டு எழும்பித் துள்ளியது. லாரிக் கயிற்றால் அதை இரும்பு நாற்காலியோடு கட்டி, நாற்காலியைப் புழக்கடைத் தூணில் பிணைத்தார்கள். பாவாயி மஞ்சளும் தேங்காயும் வைத்த சீர்த்தட்டை மடியில் வைத்து உட்கார்ந்து, குடையை விரித்தாள்.

"பயமா இருந்தா வேண்டாங்க அத்தை," என்றாள் பூங்கோதை.

"பயமெல்லாம் கீழ இருக்கறப்பதான் கண்ணு. அவுத்து உடு."

கேட்டில் நின்ற பொங்கியண்ணன், எதிரே நின்ற பெண்களின் வாயெல்லாம் ஒரே சமயத்தில் திறப்பதையும், கண்ணெல்லாம் தன் தலைக்கு மேலே போவதையும் பார்த்துத் திரும்பினார். அவருடைய வீட்டுச் சமையல்கட்டு மொத்தமும் வெயிலில் தகதகவென்று மின்னி, கிணிகிணி என்று ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, மொட்டைமாடியைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நாற்காலியில், குடை பிடித்துக்கொண்டு, கல்யாணம் ஆன நாளில்கூட அவர் பார்த்திராத ஒரு சிரிப்போடு பாவாயி போய்க்கொண்டிருந்தாள்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தார். மோகனூர் ரோட்டில் பிடித்துவிட்டார். மேலே அவள், கீழே இவர்.

"ஏய் பாவாயி! எறங்குடி!"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க! முன்னால எருமை நிக்குது!"

"ஊரே பாக்குது! மானம் போகுது!"

"பாக்கட்டுமுங்க! பட்டுச்சேலைதானே கட்டியிருக்கறேன்!"

"நிறுத்துன்னா நிறுத்தணும்!"

பாவாயி குடையைச் சாய்த்துக் கீழே எட்டிப் பார்த்தாள். "பாரத்தோட ஏறிட்டு இருக்கறப்ப நிறுத்துனா மறுபடி ஏறாதுங்க! டிரைவருக்குத் தெரியாதுங்களா?"

பொங்கியண்ணன் மொபெட்டை முறுக்கினார். அணியாபுரம் வரை வாழைத்தோட்டங்களுக்கு மேலே அவள் நிழல் குண்டுகுண்டாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அணியாபுரம் தாண்டியதும் மொபெட் இரண்டு முறை செருமி நின்றுவிட்டது. உதைத்தார், திட்டினார், மறுபடி உதைத்தார். மேலே அவள் போய்க்கொண்டே இருந்தாள். நிற்க முடியாது. அது அவள் முகத்திலேயே தெரிந்தது. உடம்பை முழுக்கத் திருப்பி, தட்டு விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்தாள்.

"நின்னுபோச்சுங்களா? பின்னால பஸ் வருது, கை காட்டுங்க! சோத்துக்கு வந்துருங்க!"

அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறி நின்றவர் சன்னல் வழியே குனிந்து மேலே பார்த்தார்.  அங்கயே இருந்துக்க என்று சொன்னவர் அவர்தான். அவள் சொல்லைத் தட்டாதவள், இருந்துகொள்வாள். இனி வீட்டில் தட்டு இல்லை, குடம் இல்லை, ரசம் ஊற்றப் பேர் இல்லை, ஊற்ற ஆளும் இல்லை.

"மேல போறது உங்க வீட்டம்மாங்களா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"ஆமா."

"கூடவே வாராங்க. அவங்களுக்கும் சேத்து டிக்கெட் கிழிக்கட்டுங்களா?"

பஸ் குலுங்கச் சிரித்தது. டிரைவர் அவள் வேகத்துக்கு ஏற்றபடி மெதுவாக ஓட்டினார். சன்னலெல்லாம் தலைகள், தலைகளெல்லாம் மேல்நோக்கி. ஒரு பெண் தன் கைக்குழந்தையைத் தூக்கி, "பாரு சாமி, அத்தை கல்யாணத்துக்குப் போறா" என்று காட்டினாள். சர்க்கரை ஆலைப் புகைக்குழாயைச் சுற்றிக்கொண்டு பாவாயி காவிரிக்காற்றில் ஆடி ஆடிப் போவதைப் பார்த்தபோது, பொங்கியண்ணனே தன்னை அறியாமல் பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டி, "பாரத்தை எப்படிச் சமமாக் கட்டியிருக்கறா பாருங்க, ஒரு பக்கம் சாயலை" என்று சொல்லிவிட்டார்.

குப்பணன் வீட்டுப் பந்தலில் பெண்கள் குலவையிட, பாவாயி வாழைமரத்தை உரசாமல் வாசலில் இறங்கினாள். வலை அவிழ்ந்தது. பாத்திரங்கள் தாமாகவே சமையல் கொட்டகைக்குள் போய் வரிசையாக உட்கார்ந்தன. பஸ்ஸிலிருந்து இறங்கி வேர்த்து விறுவிறுத்து வந்த பொங்கியண்ணன் முன்னால், முடி வெளுத்து, மீசை மட்டும் கருப்பாக இருந்த ஒருவன் வந்து நின்றான்.

"வாங்க மாமா," என்றான் குப்பணன், போன வாரம் பார்த்தவன் மாதிரி.

"நான் ஒண்ணும் வரலை. பாத்திரம் எடுத்துட்டுப் போக வந்தேன்."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. அக்காளுக்குக் குடுத்தது அக்காளோடது. ஆனா தொட முடியலைங்களே, நெருப்பாச் சுடுது. ஆறட்டும். அது வரைக்கும் உள்ள வாங்க."

மற்ற பாத்திரமெல்லாம் வீடு சேர்ந்ததும் ஆறியதுதான் வழக்கம், அந்தப் பாத்திரங்கள் மட்டும் அன்று ஆறவில்லை. மறுநாள் முகூர்த்தம் முடிந்து, மணப்பெண் அத்தை காலில் விழுந்து எழுந்து, மாப்பிள்ளை வீட்டார் மூன்று பந்தி சாப்பிட்டு முடித்த பிறகும் ஆறவில்லை. பொங்கியண்ணன் மணிக்கு ஒரு தடவை போய் விரலால் தொட்டுப் பார்த்து, விரலை உதறிக்கொண்டு வந்தார். மற்ற நேரமெல்லாம் பந்தலில் ஒரு தூணோரமாகப் பாவாயி போகிற பக்கமெல்லாம் பார்வையைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவள் சந்தனக் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் வந்தபோது எழுந்து நின்றார்.

"வர்றியா, இங்கயே இருக்கறியா?"

"இருந்துக்கச் சொன்னது நீங்கதானுங்களே."

அவர் மேல்துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டார். "அந்தப் பையன் மிசினைச் சரி பண்ணிட்டானாம். கோதை போன்ல சொன்னா." ஆறாத பாத்திரங்கள் இருந்த பக்கம் கையைக் காட்டினார். "இனிமே உன்ற பாத்திரத்தையும் அதுலயே போட்டுக்க. கையில தேய்க்க வேண்டாம்."

 இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து வந்த மிகப் பெரிய மன்னிப்பு அதுதான் என்று பாவாயிக்குத் தெரிந்திருக்க வேண்டும். "சாப்பிடுங்க முதல்ல," என்று சொல்லி, சந்தனத்தை எடுத்து அவர் கையில் அழுத்திப் பூசிவிட்டுப் போனாள். "பாத்திரம் ஆறுனதும் கெளம்பலாம்."

கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். குப்பணனே பரிமாறினான். பருப்பு வந்தது, நெய் வந்தது. நெய்ச் சட்டியோடு வரிசையில் வந்த குப்பணன் பக்கத்து இலைக்காரருக்குக் கரண்டி நிறைய ஊற்றினான். பொங்கியண்ணன் இலைக்கு வரும்போது பின்னாலிருந்து யாரோ கூப்பிட, திரும்பிப் பார்த்தபடியே பாதிக் கரண்டிதான் சாய்த்தான். போய்விட்டான்.

பொங்கியண்ணன் கை சோற்றில் அப்படியே நின்றது. பாதிக் கரண்டி. பக்கத்து இலையைப் பார்த்தார், எதிர் இலையைப் பார்த்தார். அவற்றில் நெய் குளமாக நின்றது. அவர் நெஞ்சுக்குள் பழைய கணவாய் லாரி, இத்தனை வருடம் நின்ற இடத்தை விட்டு, பாரம் குறைந்து மெல்ல நகர்ந்து போவதும், அது நின்ற இடத்தில் இந்தப் பாதிக் கரண்டி நெய் வந்து பளபளவென்று உட்காருவதும் அவருக்கே தெரிந்தது. புதுசு. சின்னது. கைக்குள் அடங்குவது. இதைச் சும்மா விட முடியாது. ஆடிக்கு வந்து பார்க்க வேண்டும், ஊற்றுகிறானா இல்லையா என்று. தீபாவளிக்கும் வர வேண்டும். பொங்கலுக்கு வந்தால் பச்சரிசிச் சோற்றுக்கு எத்தனை ஊற்றுகிறான் என்பது தெரிந்துவிடும். இதைக் கவனித்துக்கொள்ளவே பாவாயியைக் கூட்டிக்கொண்டு வருடத்துக்கு நாலு நடையாவது வந்தாக வேண்டும்.

குப்பணன் வரிசையின் கடைசி வரை போய்விட்டு, என்னவோ ஞாபகம் வந்தவனாகச் சட்டியோடு அவசரமாகத் திரும்பி வந்தான். "மாமா, உங்களுக்குக் கம்மியா ஊத்திட்டனாட்ட இருக்குது. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

பொங்கியண்ணன் இரண்டு கையையும் விரித்து இலையை மூடிக்கொண்டார்.

"போதும், போதும்," என்றார், முகமெல்லாம் மலர. "இதுவே போதும். நீ போ."